அங்காடிக்கு வந்த அழுகை

இசை என்றவுடன் இனிமை என்னும் சொல்லையே நம் உள்ளம் துணைக்கு அழைக்கிறது. குழலும் யாழும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஒப்பாரியும் இசைதான். பறை முழக்கமும் இசைதான். இழவு வீட்டு முற்றத்தில் ஒருத்தி மாரடித்துப் பாடும்போது, அவள் குரலில் சுருதி விலகுகிறதா என்று எவரும் ஆராய்வதில்லை. அவள் துயரம் உண்மையா என்பதை மட்டுமே நம் செவி தேடுகிறது. 1990களின் தொடக்கத்தில் உலகெங்கும் இளைஞர் பலர் விரும்பிக் கேட்ட ஓர் இசையைப் பெரியவர்கள் வெறுங் கூச்சல் என்று ஒதுக்கியபோது எனக்கு அந்த ஒப்பாரியே நினைவுக்கு வந்தது. அவ்விசையின் பெயர் கிரஞ்சு. ஆங்கிலப் பேச்சு வழக்கில் அச்சொல்லுக்கு அழுக்கு, பிசுக்கு என்று பொருள். அழுக்கு என்றே அழைக்கப்பட்ட ஓர் இசை எவ்வாறு உலக அங்காடியின் உயர்விலைச் சரக்காயிற்று, அவ்வாறு ஆனபின் அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கத் தோன்றும். அதற்கு இடையிலே விடை கூறுவேன்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், மழையும் குளிரும் மாறாத வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டல் நகரம் இருக்கிறது. கணினி நிறுவனங்களால் இன்று செல்வம் கொழிக்கும் அந்நகரம் ஒரு காலத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையை நம்பியே வாழ்ந்தது. 1970, 1971 ஆம் ஆண்டுகளில் அத்தொழிற்சாலை பல்லாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கியது. நகரைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்னும் பொருள்பட 1971-இல் யாரோ விமான நிலையத்தின் அருகே விளம்பரப் பலகை ஒன்று வைத்தனராம். கசப்பிலும் நகைக்கத் தெரிந்த ஊர் அது. நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் தொலைவில் இருந்தமையால் பெரிய இசைக் குழுக்கள் பல அங்கே வருவதில்லை. ஆகவே இளைஞர்கள் தங்களுக்குள்ளேயே பாடிக்கொண்டனர்; தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டனர்.

சியாட்டலுக்குத் தென்மேற்கே அபர்டீன் என்றொரு சிற்றூர். மரம் வெட்டுவதே அவ்வூரின் பிழைப்பு. இங்கே நம் மலேசிய வாசகர்க்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். நம் தோட்டங்களில் மரம் வெட்டுதல் என்றால், விடியுமுன் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்தின் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுப்பது. அபர்டீனில் மரம் வெட்டுதல் என்றால் வானளாவிய மரங்களை அடியோடு வீழ்த்தி அறுவை ஆலைக்கு அனுப்புவது. தொழில் வேறுதான். எனினும் மரத்தை நம்பி வாழ்ந்த ஊர், மரத்தொழில் கைவிட்டபோது என்ன பாடுபடும் என்பதை இரண்டு ஊராரும் அறிவர். 1980களில் அபர்டீனின் ஆலைகள் நலிந்தன. அவ்வூரில் 1967 பிப்ரவரி 20-ஆம் நாள் பிறந்தவர்தாம் கர்ட் கோபேன். தந்தை வண்டிப் பழுது பார்ப்பவர். ஒன்பது வயதில் பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். உறவினர் வீடுகளில் மாறிமாறி வளர்ந்த அந்தச் சிறுவன் பின்னர்த் தொடங்கிய குழுவின் பெயர் நிர்வாணா. நம் நாட்டுப் பௌத்தர்களின் பழஞ்சொல் எவ்வளவு தொலைவு பயணம் செய்திருக்கிறது பாருங்கள்!

இவ்விசையின் பிறப்பு நம் சிற்றிதழ்களின் பிறப்பைப் போன்றது. புருஸ் பவிட் என்னும் இளைஞர் 1980-இல் ஒலிம்பியா நகரில் கையடக்கமான இசை இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1988-இல் ஜானதன் போன்மன் என்பவரையும் பங்காளியாகக் கொண்டு, சப் பாப் என்னும் இசைத்தட்டு நிறுவனமாயிற்று. இவ்விருவரும் கூட்டுச் சேரத் தூண்டுகோலாக இருந்தவர் யார் தெரியுமா? கிம் தாயில் என்பவர். கேரளத்திலிருந்து அமெரிக்கா சென்ற பெற்றோருக்கு 1960-இல் சியாட்டலில் பிறந்தவர். சிகாகோவின் புறநகரில் வளர்ந்தவர். மீண்டும் சியாட்டல் வந்து பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர். சவுண்ட்கார்டன் என்னும் புகழ்பெற்ற குழுவின் கிட்டார் கலைஞர் அவரே. கடல் கடந்து வந்தவரின் பிள்ளை, வந்த நாட்டின் இசையில் தன் கைரேகையைப் பதித்தான் என்னும் செய்தி, நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோர் வழியினருக்கு இனிக்காமற் போகாது.

1988 நவம்பரில் சப் பாப் வெளியிட்ட நிர்வாணாவின் முதற்சிறுதட்டு ஆயிரம் படிகளே. ஒவ்வொன்றிலும் கையாலேயே எண்ணிட்டனர். 1989-இல் வந்த 'பிளீச்' என்னும் அவர்களின் முதல் நெடுந்தட்டைப் பதிவு செய்ய ஆன செலவு 606 அமெரிக்க வெள்ளி 17 காசு. இக்கணக்கைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். கவிதை நூலை ஆயிரம் படி அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் இருநூறை விற்று, எஞ்சியதைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் நம் எழுத்தாளர் எவரும் அந்தக் கலைஞர்களைத் தம் உடன்பிறப்பென்றே கொள்வர்.

அவ்விசையின் இயல்பையும் சிறிது சொல்லியாக வேண்டும். மின்கிட்டாரின் தெளிந்த ஒலியை வேண்டுமென்றே உடைத்துக் கரகரப்பாக்கும் சிறு பெட்டி ஒன்றுண்டு. அதைக் காலால் மிதித்து இயக்குவர். மட்ஹனி என்னும் குழுவினர் 1988-இல் தம் இசைத்தட்டுக்கே அத்தகைய இரண்டு பெட்டிகளின் பெயரைச் சேர்த்துச் சூட்டினர். சவுண்ட்கார்டன் போன்றோர் கிட்டாரின் தடித்த தந்தியை ஒரு முழுச்சுரம் தளர்த்திக் கட்டினர். அதனால் பாட்டுக்கு அடியில் ஒரு கனத்த ரீங்காரம் நிலைத்து நின்றது. தம்புராவுக்குப் பழகிய என் செவிக்கு அது அயலாகத் தோன்றவில்லை. நிர்வாணாவின் பாடல்களோ தாழ்ந்த குரலில் முணுமுணுப்பாகத் தொடங்கும், பல்லவி வந்ததும் மடை உடைந்தாற்போல் வெடிக்கும், மீண்டும் அடங்கும். பாஸ்டன் நகரத்துப் பிக்சிஸ் குழுவிடமிருந்து அம்முறையை எடுத்துக்கொண்டதாகக் கோபேன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அடக்கி அடக்கி வைத்துப் பின் ஒருநாள் வெடிப்பது இசைக்கு முன்பே மனிதர்க்கு உரிய இயல்பு. அதனாற்றான் அம்முறை கேட்டோரை அவ்வளவு விரைவில் பற்றிக்கொண்டது போலும்.

1991 செப்டம்பர் 24-ஆம் நாள் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்தது. இம்முறை பெருநிறுவனம் ஒன்றின் வெளியீடு. பேராவல் இன்றி அமெரிக்காவில் முதலில் ஏறத்தாழ 46,000 படிகளையே கடைகளுக்கு அனுப்பினர். தொலைக்காட்சியில் அதன் பாடற்காட்சி ஓயாமல் ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டிலேதான் கடைகளின் விற்பனையைக் கணினிவழித் துல்லியமாகக் கணக்கிடும் முறையும் நடைமுறைக்கு வந்திருந்தது. கடைக்காரர் வாய்மொழியை நம்பிய காலம் போயிற்று. 1992 சனவரி 11-ஆம் நாளிட்ட பில்போர்டு பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் தொகுப்பை இறக்கிவிட்டு 'நெவர்மைண்ட்' முதலிடத்தில் அமர்ந்தது. உலகளவில் இன்றுவரை 3 கோடிக்கு மேல் விற்றதாகக் கூறுவர். அதே 1991-இல் பேர்ல் ஜாம் குழுவின் 'டென்', சவுண்ட்கார்டனின் 'பேட்மோட்டர்ஃபிங்கர்' ஆகியவையும் வெளியாயின. சின்னஞ்சிறு ஊற்று ஓராண்டுக்குள் வெள்ளமாயிற்று.

அந்த வெள்ளத்தின் ஒரு கிளை ஈப்போவில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் தமக்கையின் மகன் அப்பொழுது எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அவன் பெற்றோர் மரம் வெட்டிய தோட்டம் வீடமைப்புத் திட்டத்திற்காக விற்கப்பட்டிருந்தது. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தை விட்டு அவர்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தனர். அத்தான் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளியானார். தோட்டத்தில் திருவிழாக் காலத்தில் உடுக்கடித்துப் பாடிய மனிதர், பட்டணத்துக்கு வந்தபின் பேசுவதையே குறைத்துக்கொண்டார். பையன் இரவுச் சந்தையில் வாங்கிய ஒலிநாடாவை நாள்தோறும் கேட்பான். ஒருநாள் அருகில் அமர்ந்து நானும் கேட்டேன்.

“இவர் என்னப்பா சொல்கிறார்?” என்றேன்.

“சொல்லெல்லாம் சரியாய்ப் புரியவில்லை, மாமா. ஆனால் அப்பா ராத்திரி வேலைக்குப் போகும்போது ஒன்றும் பேசாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார் அல்லவா? அவர் வாய் திறந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றும்” என்றான்.

இசைத் திறனாய்வு நூல் எதிலும் இத்தகைய விளக்கத்தை நான் படித்ததில்லை. இவ்விசையின்மீது எனக்கு அக்கறை பிறந்தது அந்த மாலையில்தான். பின்னர் அவன் கொண்டுவந்த இதழ்களையெல்லாம் அகராதியோடு அமர்ந்து படித்தேன். அங்காடியின் கதை அவற்றினூடே தெரியலாயிற்று.

சியாட்டல் இளைஞர் கட்டம் போட்ட தடித்த பருத்திச் சட்டையை அணிந்தனர். குளிருக்கு அது ஏற்றது. மரம் வெட்டுவோர் அணிவது. பழைய துணிக்கடையில் சில காசுக்குக் கிடைப்பது. 1992 நவம்பரில் நியூயார்க்கின் ஆடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் அதே கட்டங்களைப் பட்டில் அச்சிட்டு அழகியரை அணிவித்து மேடையில் நடக்கவிட்டார். ஏழ்மையின் உடை செல்வரின் ஒப்பனையாயிற்று. அதே மாதம் 15-ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், கிரஞ்சு இளைஞர்களின் மறைமொழி அகராதி என்று ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. அச்சொற்கள் அனைத்தும் கட்டுக்கதை! சப் பாப் அலுவலகத்தில் முன்பு பணிபுரிந்த மேகன் ஜாஸ்பர் என்னும் பெண், தொலைபேசியில் கேட்ட செய்தியாளருக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார், அவரும் எழுதிக்கொண்டார். அங்காடிக்கு எதையாவது வாங்கியாக வேண்டும் என்னும் பசி வந்துவிட்டால், அது போலியையும் விலை கொடுத்து வாங்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கலைஞர்கள் இந்த வெள்ளத்தை எதிர்த்து நீந்தவும் முயன்றனர். 1992 ஏப்ரலில் வெளியான ரோலிங் ஸ்டோன் இதழின் அட்டைப்படத்திற்கு நின்ற கோபேன், வணிக இதழ்களைப் பழிக்கும் வாசகத்தைத் தம் பனியனில் எழுதிக்கொண்டு நின்றார். அந்த இதழும் அப்படத்தை அப்படியே வெளியிட்டு விற்றது! எதிர்ப்பையும் விற்பனைப் பொருளாக்கும் ஆற்றல் அங்காடிக்கு உண்டு. 1993-இல் நிர்வாணா, பளபளப்பு வேண்டாவென்று ஸ்டீவ் அல்பினி என்னும் கண்டிப்பான ஒலிப்பதிவாளரை அமர்த்திக் கரடுமுரடான 'இன் யூட்டரோ'வை உருவாக்கியது. அதுவும் பட்டியலில் முதலிடமே பெற்றது. பேர்ல் ஜாம் குழு பாடற்காட்சிகள் எடுப்பதை நிறுத்திக்கொண்டது. நுழைவுச்சீட்டின்மேல் கூடுதற் கட்டணம் வாங்குவதை எதிர்த்து 1994-இல் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின்மீது அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டது. குழுவினர் இருவர் நாடாளுமன்றக் குழுவின்முன் சான்றும் கூறினர். 1995 சூலையில் நீதித்துறை அந்த விசாரணையை முடித்துக்கொண்டது. இசைஞர் தோற்றனர். எனினும் வருவாய் பெருகும் வேளையில் வாசகனின் சட்டைப் பையை எண்ணிப் பார்த்த எழுத்தாளரை நாம் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்?

1994 ஏப்ரல் 5-ஆம் நாள் கர்ட் கோபேன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 27. தீராத வயிற்று நோவும், போதைப்பொருட் பழக்கமும், மனச்சோர்வும் அவரை நெடுநாள் வாட்டியிருந்தன. செய்தி வந்த நாளில் என் மருமகன் உணவைத் தொடவில்லை. “உலகமே கேட்டதே மாமா, இன்னும் யார் கேட்க வேண்டும் என்று இருந்தாராம்?” என்று அவன் கேட்டான். பதினெட்டு வயதுப் பிள்ளை இத்தகைய கேள்வியைக் கேட்கும்போது அறிவுரை நூலைப் புரட்டிக்கொண்டிருப்பது ஆகாது. மறுநாளே அவனை அழைத்துக்கொண்டு பேருந்தேறி அத்தான் வீட்டுக்குச் சென்றேன். அவரிடம் அனைத்தையும் சொன்னேன். அத்தான் நெடுநேரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் பாட்டைப் போடு, கேப்போம்” என்றார். ஒலிநாடா ஓடியது. முடிந்ததும் அவர், “நம்ம பால் ஆலையில மிசின் ஓடுற மாதிரி இருக்குப்பா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் ஆலையைப் பற்றி வாய் திறந்தவர் நிறுத்தவில்லை. ஒட்டுப்பால் நாற்றம், சம்பள நாள், கோயில் உண்டியல், தோட்டத்தை விட்டு வந்த நாளில் லாரியின் பின்னே ஓடிவந்த நாய் என்று நள்ளிரவு கடந்தும் பேசிக்கொண்டிருந்தார். அன்றிரவு அவர் வேலைக்குச் செல்லவில்லை. மகன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்ததை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியவன் நான். கேட்பது என்பது ஓர் உயிரைக் காக்கும் செயலுமாகும் என்பதை அந்த அடுக்குமாடி வீட்டில்தான் கண்ணாரக் கண்டேன்.

மறு ஆண்டு பேர்ல் ஜாம் குழு சிங்கப்பூருக்கு வந்தபோது அவன் தானே சேர்த்த பணத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்தான். அதற்குள் இவ்விசையின் இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டது. சப் பாப் நிறுவனத்தின் 49 விழுக்காட்டுப் பங்கை 1995-இல் வார்னர் நிறுவனம் வாங்கிற்று. 1997-இல் சவுண்ட்கார்டன் கலைந்தது. ஊற்று வற்றினாலும் அங்காடியின் தாகம் வற்றவில்லை. ஆகவே பின்னைக் கிரஞ்சு எனத் திறனாய்வாளர் பெயரிட்ட ஒரு வகை பெருகியது. இலண்டனிலிருந்து புஷ், புளோரிடாவிலிருந்து கிரீட், கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்திலிருந்து நிக்கல்பேக் எனக் குழுக்கள் வந்தன. தளர்த்திய தந்தி, அடங்கி வெடிக்கும் அமைப்பு, தொண்டையை அறுக்கும் குரல் ஆகிய அனைத்தும் இருந்தன. ஒலிப்பதிவு மட்டும் வழவழப்பாயிற்று; துயரத்தின் கூர்முனை மழுங்கி, எவர் வீட்டு வரவேற்பறையிலும் வைக்கத்தக்க பண்டமாயிற்று. கிரீட் 1999-இல் வெளியிட்ட 'ஹியூமன் கிளே' அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கு மேல் விற்றது. 2001-இல் வந்த நிக்கல்பேக்கின் பாடல் ஒன்று அந்தப் பத்தாண்டில் அமெரிக்க வானொலிகளில் மிகுதியாக ஒலித்த பாடல்களுள் தலையாயது என்பர்.

இதற்கு இசைஞரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. 1996-இல் அமெரிக்கா இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுவதிலும் ஒருவர் எத்தனை வானொலி நிலையம் வைத்திருக்கலாம் என்னும் வரம்பை நீக்கிற்று. சில ஆண்டுகளில் கிளியர் சானல் என்னும் ஒரே நிறுவனத்தின் கையில் 1,200-க்கு மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஆயிரம் ஊருக்கு ஒரே பாட்டுப் பட்டியல் என்றால், எந்த ஊருக்கும் உரியதல்லாத பாட்டே அதில் இடம்பெறும். சியாட்டலின் இசை சியாட்டலின் மழையில் முளைத்தது. பின்னர் வந்ததோ எந்த மண்ணிலும் முளைக்காமல் எல்லாக் கடையிலும் கிடைத்தது. ஆயினும் நிக்கல்பேக்கின் பாட்டைக் கேட்டு ஆறுதல் பெற்றவர் எவரும் இலர் என்று நான் துணிந்து கூறேன். தச்சன் செய்த பெட்டியும் ஆலையில் செய்த பெட்டியும் ஒருங்கே துணியைக் காக்கும். பெட்டியில் தச்சனின் கைத்தழும்பு உண்டா என்பது வேறு கேள்வி.

முதற்பருவத்துக் கலைஞர்கள் பலர் இன்று இல்லை. ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் லேன் ஸ்டேலி 2002-இல், கோபேன் இறந்த அதே ஏப்ரல் 5-ஆம் நாளில், போதைப்பொருளுக்கு இரையானார். சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னல் 2017-இல் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். அவர்கள் துயரம் ஒப்பனையன்று என்பதற்கு அவர்கள் தந்த விலை மிகக் கொடியது. அத்தகைய சான்றை எந்தக் கலைஞனிடமும் உலகம் கேட்டல் தகாது. துயரத்தைப் பாடுகிறவனைக் கைதட்டிப் போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதாக எண்ணுகிறோம். கைதட்டல் ஒலியில் அவன் முனகல் கேளாமற் போகிறது. பல்லாயிரவர் கேட்டும் கேட்கப்படாதவனாகவே ஒருவன் இருக்க இயலும் என்பதே இவ்வரலாறு எனக்குக் கற்பித்த பாடம்.

அபர்டீன் ஊரின் எல்லைப் பலகையில் 2005-ஆம் ஆண்டு முதல் கோபேனின் பாடல் ஒன்றின் தலைப்பையே வரவேற்புரையாக எழுதி வைத்திருக்கின்றனர். 1993 நவம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அவர் வாசித்த கிட்டாரை 2020-இல் ஒருவர் 60 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு ஏலம் எடுத்தார். முதல் நெடுந்தட்டுக்கு ஆன 606 வெள்ளியை நினைத்துக்கொண்டு இத்தொகையைப் படித்தால் அங்காடியின் கணக்கு எத்தகையது என்பது விளங்கும். அது வாழும் கலைஞனுக்கு ஒரு விலையும், மறைந்தவனின் மரக்கட்டைக்கு ஒரு விலையும் வைத்திருக்கிறது.

நம்மிடையே மலேசியத் தமிழ்க் கதைகளில் தோட்டத்துத் துயரம் நீண்டகாலமாகப் பாடுபொருளாக இருந்து வருகிறது. லயத்தைக் காணாதவரும் லயத்தைப் பற்றி எழுதிப் பரிசு பெறுகின்றனர். எழுதட்டும், பிறர் துயரத்தை உணர்ந்து எழுதுவதும் கலையே. ஆனால் கட்டம் போட்ட சட்டையைப் பட்டில் நெய்துவிடாதிருக்க வேண்டும். எழுதுமுன் காவற்கூண்டிலும் அடுக்குமாடியிலும் வாய் திறவாமல் அமர்ந்திருப்பவர் அருகில் சென்று, ஒருபொழுதேனும் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவது நலம். அவர் உடனே பேசமாட்டார். காத்திருக்க வேண்டும்.